கஜபதியின் விலக்கு வழி

எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் 'தெரியாது' என்று சொல்கிற பழக்கம் கிடையாது. ஓட்டேரியில் நின்றுகொண்டு உலகத்தில் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் உடனே ஒரு கை நீளும். 'நேரா போய் லெஃப்ட்' என்று ஆரம்பிக்கும். அந்த லெஃப்டில் திரும்பிக் காணாமல் போவது கேட்டவர் பாடு. சொன்னவருக்கு ஓர் உதவி செய்த நிறைவு.

இந்த அவஸ்தையில்தான் சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் வாயை நம்புவதை விட்டுவிட்டுக் காலை நம்ப ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். 'ஊர்க்கால்' கம்பெனி வந்தது அப்படித்தான். சென்னைக்கு வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர் காதுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு பொட்டை ஒட்டிக்கொள்வார். எங்களில் ஒருவருக்கும் அதே இடத்தில் அதே பொட்டு. அவ்வளவுதான், எங்கள் ஆளுடைய ஊர் அவருக்குப் போய்விடும். சென்ட்ரலில் இறங்கி, மேப்பைப் பார்க்காமல், நாற்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியவர் மாதிரி நடப்பார். பஸ் வருமுன்பே எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மவுண்ட் ரோட்டில் எந்த நொடியில் கையை நீட்டிக் குறுக்கே இறங்க வேண்டும், மழை பெய்தால் எந்த சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எல்லாம் காலுக்கே தெரியும்.

எங்கள் எட்டாம் பிளாக்கில் அப்படிக் காலைக் கொடுத்தவர் ஒருவர்தான். கீழ் வீட்டுக் கஜபதி. பார்சல் போட்டுக்கொண்டிருந்த ஆள். பட்டாளம் முதல் பாலவாக்கம் வரை அவனுக்குத் தெரியாத வாசல்படி இல்லை. பார்சல் எல்லாம் ட்ரோனில் ஏறி ஆகாயத்தில் பறக்க ஆரம்பித்த பிறகு அவன் வண்டி கீழேயே நின்றது. எங்கள் பிளாக்குக்குக் குடிவரும்போதே தனி ஆள். மனைவி பிரிந்து போயிருந்தாள். ஏன் பிரிந்தாள் என்பதை அவன் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. நான் நேரடியாகவே நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன்.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் வீட்டு ஜன்னல் என் மாடிப்படிக்கு எதிரில் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பொட்டு வைக்கக் கம்பெனிக்காரன் வந்த அன்று கஜபதி மேலே வந்து, "மேகலாக்கா, ஒரு சாட்சி வேணுமாம். கையெழுத்துப் போடுறியா?" என்று கேட்டான். கூப்பிடாமலே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். உடனே இறங்கினேன்.

வந்தவன் சின்ன வயசு. கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் மரியாதை.

"ஏன் தம்பி, ஜெராக்ஸ் மாதிரி ஒரு காப்பி எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானே? இவனோடத ஏன் எடுக்கணும்?" என்று கேட்டேன்.

"முடியாது மேடம். ஒரே வழி ரெண்டு மண்டைல ஒரே நேரத்துல முழிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் தல சுத்தும். நடுரோட்ல விழுந்துடுவாங்க. அதனால இவரோடத தூங்க வெச்சிட்டு அங்க எழுப்புறோம். டூரிஸ்ட் ஊருக்குக் கெளம்பினதும் இவருக்கு எழுப்பி விட்டுடுவோம்."

"தூங்குறப்ப இவனுக்கு எப்படி இருக்கும்?"

"வலி ஒண்ணும் கெடையாது. வாசல்ல எறங்கினா எந்தப் பக்கம்னு தெரியாது. எடத்தோட பேரும் ஞாபகம் வராது. மேப்பக் காட்டினாலும் கோலத்தப் பாக்குற மாதிரிதான் பாப்பாரு. நாலு நாள், அஞ்சு நாள், அவ்ளோதான்."

"திரும்பி வர்றது முழுசா வருமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "டூரிஸ்ட் நடந்த வழியெல்லாம் பளிச்னு வரும். நடக்காத வழி மட்டும் கொஞ்சம் மங்கும். எல்லாரும் பீச், கோயில், தி.நகர்னுதான் போவாங்க. இந்தத் தெருவுக்கெல்லாம் யாரு வரப்போறா?"

"அது சரி," என்றேன். எங்கள் தெருவைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"அதுக்குத்தான் விலக்கு வழின்னு ஒண்ணு வெச்சிருக்கோம்," என்று அவன் கஜபதி பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு வழிய மட்டும் நீங்க உங்களுக்குன்னு வெச்சிக்கலாம் சார். அது தூங்காது, யாருக்கும் போகாது. ரேஷன் கட, ஆஸ்பத்திரி, எதுவேணா சொல்லுங்க."

கஜபதி என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அந்தப் பையன் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். சாட்சியாக வந்தவள் நான். என் எதிரிலேயே ரகசியம். எனக்கு எப்படி இருக்கும்?

கஜபதி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான். "மேடம், இன்னொண்ணு. வழி தூங்குற நாள்ல இவரு குடுக்குற சம்மதம் செல்லாது. ஏதாவது கேக்கணும்னா மெசேஜ் உங்க போனுக்குத்தான் வரும். படிச்சுப் பாத்து அழுத்துங்க."

"அதெல்லாம் நான் படிக்காம எதையும் அழுத்த மாட்டேன்," என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் பிளாக்குக்கு நல்ல பொழுதுபோக்கு. வழி தூங்குகிற நாட்களில் கஜபதி வாசலில் இறங்கி, புதுசாகப் பள்ளிக்கூடம் சேர்த்த பிள்ளை மாதிரி நிற்பான். தினமும் பால் வாங்குகிற பூத்தைக் காட்டி, "அது இன்னா கட?" என்பான். கேட் ஓரம் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தணிகாசலம் ஒருநாள் அவனை எங்கள் பிளாக்கையே மூன்று தடவை சுற்றவைத்துவிட்டு, "இதான்யா உன் வூடு, போ" என்றான். கஜபதி கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்ணா, ரொம்ப தூரம்" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஆட்டம் அவனிடம் எடுபடாது. தணிகாசலம் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சரியாக மூன்று மணிக்குக் கிளம்புவான். தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராகப் போவான். நாங்கள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஆறரைக்குத் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

"அதான்க்கா அந்த வெலக்கு வழி," என்றான் தணிகாசலம், இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே. "பொம்பள விஷயம். காலர்ல கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்றான். கல்யாணம் காட்சிக்குக்கூட இப்படிக் கேக்கல."

"எந்த ஏரியான்னு தெரியுமா?"

"ஸ்டெர்லிங் ரோடு பக்கமா இருக்கும்."

"பாத்தியா?"

"பாக்கல. ஆனா அங்கதான்."

தணிகாசலமும் எங்கள் ஊர்க்காரன்தானே.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் போனுக்குக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. பெல்ஜியத்துக்காரர் ஒருவரிடம் கஜபதியின் கால் போயிருந்த வாரம் அது. அந்த மனிதருக்குக் கோயில், கடற்கரை எல்லாம் அலுத்துவிட்டதாம். 'முழு உள்ளூர்' என்ற வகைக்கு மாறிக்கொள்ள ஆசைப்படுகிறாராம். அதில் விலக்கு வழியும் சேர்ந்து போகும். சாட்சி சம்மதித்தால் எந்த வழி என்பதைத் திரையில் காட்டுவோம் என்று போட்டிருந்தது.

நான் படித்தேன். படிக்காமல் அழுத்தினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. இரண்டு தடவை படித்தேன். ஒரு வருஷமாக இந்தப் பிளாக்கில் நாற்பது குடும்பம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அழுத்தினேன்.

'வீடு முதல் சேத்துப்பட்டு வரை. ஞாயிறு மாலை 4.' அவ்வளவுதான் காட்டியது. பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை.

சேத்துப்பட்டு. நான் கீழே இறங்கித் தணிகாசலத்திடம் 'எடம் தெரிஞ்சிடுச்சு' என்று ஆரம்பித்து, பேரைச் சொல்வதற்குள் அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். "ஸ்டெர்லிங் ரோடுதானே? நான்தான் சொன்னேனே," என்றான். பேரை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கஜபதி நீலச் சட்டையோடு கேட்டுக்கு வந்தான். வலதுகாலை வெளியே வைத்தான். பின்னுக்கு எடுத்தான். இடது பக்கம் நாலடி போய்த் திரும்பி வந்தான். ஐந்து நிமிஷம் இப்படி. அப்புறம் அவன் முகம் மாறிய விதத்தை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். காஸ் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோம் என்று பாதி வழியில் ஞாபகம் வருமே, அந்த முகம்.

"அண்ணே, நான் ஒரு எடத்துக்குப் போவணும்," என்றான் தணிகாசலத்திடம்.

"எங்க?"

"தெரியல. ஞாயித்துக்கெழம போவேன்ல, அங்க. நாலு மணிக்கு."

"யாரப் பாக்க?"

"எம் பொண்ண."

தணிகாசலம் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். பெண்ணாம். ஒரு வருஷமாக இல்லாத பெண் திடீரென்று முளைத்துவிட்டாள்.

"எத்தினி வயசு உன் பொண்ணுக்கு? முப்பது இருக்குமா?" என்றான் தணிகாசலம். பால் பூத் பக்கம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"ஏழுண்ணே. குழலின்னு பேரு. கோர்ட்ல வாரம் ஒரு மணி நேரம் பாக்க வுட்டிருக்காங்க. வேலைல இருந்தாத்தான் வுடுவேன்னாங்க, அதான் இதுலயே சேர்ந்தேன். ரெண்டு வாட்டி தவற வுட்டுட்டேண்ணே, ஒருக்கா ஜுரம், ஒருக்கா மழ. இன்னிக்கும் போகலன்னா அவ்ளோதான். ஆட்டோ புடிச்சிக் குடுங்கண்ணே."

"ஆட்டோக்கு எடம் சொல்லணுமே. எங்கன்னு சொல்லட்டும்?"

கஜபதி வாயைத் திறந்தான். மூடினான். அந்த இடத்தின் பெயர் அப்போது ஊரில் எங்கோ பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு பெல்ஜியத்துக்காரரின் காதோரம் இருந்தது.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் உதவி செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவர் புரசைவாக்கம் என்றார். ஒருவர் வியாசர்பாடியில் ஒரு கோர்ட் ஆபீஸ் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். தணிகாசலம் ஸ்டெர்லிங் ரோட்டை விடவில்லை. தெரியாது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கஜபதி ஒவ்வொரு கை நீண்ட பக்கமும் பத்தடி ஓடி, மறு கை நீண்டதும் திரும்பி வந்தான். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றான்.

"அக்கா, நீதானே சாட்சி. உனக்காவது தெரியுமா?"

தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே சொல். ஆனால் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். அழுத்தியதைச் சொல்ல வேண்டும். தவிர, ஏழு வயசுப் பெண் என்ற கதையை நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேத்துப்பட்டுக்காரி காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பட்டது. எல்லாரும் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரம்பூர்," என்று பாலத்துப் பக்கம் கையைக் காட்டினேன். "நேரா போய் லெஃப்ட்."

சேத்துப்பட்டுக்கு நேர் எதிர்த் திசை. கஜபதி ஓடினான். கஞ்சி போட்ட காலர் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நடந்த மிச்சத்தை நான் இரண்டு இடத்திலிருந்து தெரிந்துகொண்டேன். ஒன்று, பெல்ஜியத்துக்காரர் கம்பெனிப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியது. அன்று மூன்றரை மணிக்குக் கால் தானாக ஓட்டேரிக்கு வந்து (கூட்டம் கலைந்து நாங்கள் உள்ளே போயிருந்தோம்), ஒரு வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து விறுவிறுவென்று நடந்ததாம். இதயம் ஏனென்று தெரியாமல் அடித்துக்கொண்டதாம். சேத்துப்பட்டில் ஒரு மாடி அறை. உள்ளே ஒரு சின்னப் பெண், எதிரில் ஒரு காலி நாற்காலி. கால் போய் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றது, நானும் உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தார். பெண் ஏதோ கேட்டாளாம். மொழி புரியவில்லையாம். டாஃபி ஒன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாராம். உள்ளூர் வாழ்க்கையை இவ்வளவு அருகில் வேறு எந்த ஊரிலும் உணர்ந்ததில்லையாம்.

இன்னொன்று, கஜபதிக்குக் கோர்ட்டிலிருந்து வந்த தபால். எங்கள் பிளாக் தபால் பெட்டிக்குப் பூட்டு கிடையாது, உறையும் சரியாக ஒட்டியிருக்கவில்லை. 'தந்தை மூன்றாவது முறையும் வரவில்லை. தமக்குப் பதிலாக முன்பின் அறியாத ஒருவரைக் குழந்தையிடம் அனுப்பியுள்ளார். சந்திப்பு உரிமை ரத்து செய்யப்படுகிறது.' நான் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிப் போட்டேன்.

கஜபதி பெரம்பூரைத் தாண்டி எங்கோ சுற்றி, செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தான், ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டு. வழி திரும்ப எழுந்த பிறகு சேத்துப்பட்டுக்கு ஓடிப் பார்த்தான். கோர்ட்டுக்கு ஓடினான். அதற்குள் ரேணுகா, அதான் அவன் மனைவி, பெண்ணோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்க்கா," என்றான் என்னிடம். "வெலக்குன்னு சொல்லிட்டு வித்துட்டான்."

"அவனுங்க அப்படித்தான்," என்றேன்.

ஒருமுறை சம்மதித்தால் அது எப்போதைக்கும் சம்மதமாம், ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெல்ஜியத்துக்காரரின் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஆள் ஆளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். 'ஓர் உள்ளூர்க்காரரின் ரகசிய ஞாயிறு நடை' என்று கம்பெனி அதற்குப் பெயரே வைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு யார் வரப்போகிறார்கள் என்றான் அந்தத் தம்பி. வாரம் ஒருவர் வந்தார். கஜபதி வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு, மார்பில் கையை வைத்துக்கொண்டு, சேத்துப்பட்டுக்கு நடந்தார்.

பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. கஜபதிக்கு மற்ற ஊரெல்லாம் தேய்ந்துவிட்டது. வழி முழித்திருக்கிற நாளில்கூடப் பால் பூத்துக்குப் போகத் தெரியாது. அந்த ஒரு வழி மட்டும் வாராவாரம் யாராவது நடந்து நடந்து புதுசு மாதிரி இருக்கிறது. அதைத் தவிர அவனிடம் விற்க ஒன்றுமில்லை. வழி தூங்குகிற நாளில் எங்காவது போய்விடுவேன் என்று பயந்து, "வெளிய பூட்டிடுக்கா" என்று அவனே சொல்லிவிட்டான். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இந்தக் காலத்தில் இவ்வளவு செய்கிற அக்கம்பக்கத்தார் யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் வந்தது ஒரு பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும். முதுகில் பை, காதுக்குப் பின்னால் பொட்டு. மற்றவர்களைப் போலக் கஜபதி வீட்டு வாசலைத் தொட்டாள். ஆனால் அவர்களைப் போல உடனே கிளம்பவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் இறங்கினேன். "யாரும்மா? எந்த ஊரு?"

"மெல்பர்ன் ஆன்ட்டி. சும்மா டூர்." தமிழை யோசித்து யோசித்துப் பேசினாள். "இங்கதான் பிறந்தேன், பட் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதான் லோக்கல் ஆளோட கால் எடுத்துக்கிட்டேன்."

"அம்மா அப்பா?"

"அம்மா அங்க இருக்காங்க."

"அப்பா?"

"வர மாட்டாரு," என்று சிரித்தாள். "சின்ன வயசுல வாராவாரம் ஒரு ரூம்ல வெயிட் பண்ணுவேன். லாஸ்ட் டைம் அவரு வரல, ஒரு வெள்ளக்காரர அனுப்பினாரு. டாஃபி குடுத்தாரு. அதோட முடிஞ்சுது."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்புச் சாவியை மூடிக்கொண்டேன்.

"உன் பேரு?"

"குழலி."

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வழி தூங்கினாலும் ஞாயிறு மூன்று மணிக்குள் குளித்துச் சட்டை மாட்டிக்கொள்கிற பழக்கம் மட்டும் கஜபதியை விட்டுப் போகவில்லை.

அவள் கதவில் காதை வைத்தாள். "உள்ள யாரோ இருக்காங்க போல?"

"பைப்பு லீக்கும்மா. பூட்டுன வூடு."

"ஆன்ட்டி, இந்தக் கால் வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு. யாரையோ பாக்க லேட் ஆயிட்ட மாதிரி. கம்பெனில பேர் சொல்ல மாட்டேங்கறாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது யாரோட வழின்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுது முடித்த பிறகு, விலக்கு வழி எப்படி வெளியே போயிற்று என்று பேசுவார்கள். பெண் படித்தவள், கம்பெனியிடம் ஆதாரம் கேட்பாள். சம்மதித்த போன் நம்பரை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கே போனாய் என்று அவள் கேட்பாள், பெரம்பூர் என்று அவன் சொல்வான். யார் சொன்னார்கள் என்று கேட்பாள்.

எழுபது வயதில் இந்தப் பிளாக்கில் நான் தலை நிமிர்ந்து இறங்கி ஏற வேண்டாமா?

"தெரியாதும்மா," என்றேன்.

பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத சொல். எவ்வளவு சுலபமாக வருகிறது.

மணி மூன்றானது. அவள் கால் அவளை இழுத்தது. தெருமுனையில் ஒருமுறை திரும்பிக் கையாட்டிவிட்டுச் சேத்துப்பட்டுப் பக்கம் நடந்தாள். அந்த மாடி அறை இப்போது காபிக் கடை. படிக்கட்டை மட்டும் மாற்றவில்லை என்று வந்து போகிறவர்கள் எழுதுகிறார்கள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நீலச் சட்டை தெரிந்தது. கஜபதி ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தான்.

"யாருக்கா வந்தது?"

"டூரிஸ்ட்டு. வழி கேட்டுது."

"சொன்னியா?"

"சொல்லி அனுப்பிட்டேன்."

"நல்லதுக்கா," என்றான் கஜபதி. "பாவம், ஊருக்குப் புதுசு."